டிக்கியைத் தட்ட ஆளில்லாத ஊரில் ரிவர்ஸ்

கனடாவில், டொராண்டோவின் ஸ்கார்பரோ பகுதியில், வாடகை வீட்டு டிரைவ்வேயிலிருந்து (வீட்டிலிருந்து தெருவுக்குப் போகும் கார்ப்பாதை) முதல் தடவை காரைப் பின்னால் எடுக்கும்போதுதான் ஊர் எவ்வளவு தூரம் என்று உறைக்கும். "வா, வா... லெஃப்டுல ஒடி... போதும்!" என்று சொல்லி டிக்கியில் ரெண்டு தட்டு தட்ட யாரும் வரமாட்டார்கள். நம் தெருவில் இஸ்திரி வண்டிக்காரர் வரை எல்லோரும் செய்த வேலை அது. இங்கே நம் கழுத்துதான் செய்ய வேண்டும்.

அது திரும்பும் பக்கமும் மாறிவிட்டது. ஊரில் வலப்பக்கம் உட்கார்ந்து இடப்பக்கமாகத் திரும்பினோம். கனடாவில் ஓட்டுநர் சீட் இடப்பக்கம். வலத்தோளுக்கு மேலாகப் பின்கண்ணாடி வழியே பார்க்க வேண்டும். வலக்கை பக்கத்து சீட்டின் முதுகில், இடக்கை ஸ்டியரிங்கின் உச்சியில். உடம்பைத் திருப்பும்போது வலது கால் பிரேக்கிலிருந்து நழுவி ஆக்சிலரேட்டர் பக்கம் போய்விடும். பெரிய ஆபத்தே அதுதான். குதிகாலை பிரேக்குக்கு நேரே ஊன்றிவிட்டு அப்புறம் திரும்புங்கள்.

ஆட்டோமேட்டிக்கில் கியர் வரிசை பி (பார்க்), ஆர் (ரிவர்ஸ்), என் (நியூட்ரல்), டி (டிரைவ்). பிரேக்கை அழுத்தாமல் 'பி'யிலிருந்து லிவர் அசையாது. 'டி'யிலிருந்து 'ஆர்' போடுமுன் வண்டி முழுக்க நிற்கட்டும். உருளும்போது மாற்றினால் கியர்பாக்ஸுக்குள் கிளட்ச் தகடுகள் தேயும். 'ஆர்' போட்டு பிரேக்கைத் தளர்த்தினாலே வண்டி தானாக நகரும், சமதரையில் ஆக்சிலரேட்டரே வேண்டாம். இடது காலை ஓரமாக வைத்துவிடுங்கள். கிளட்ச் என்று நினைத்து அகலமான பிரேக்கை ஓங்கி மிதித்துவிடும்.

சரிவில் நேரே 'பி' போடாதீர்கள். 'பி' என்பது உள்ளே பல்சக்கரத்தில் விழும் ஒரு சின்னக் கொக்கி. வண்டியின் எடை அதில் தொங்கினால் மறுநாள் லிவர் முரண்டு பிடித்து 'டக்'கென்றுதான் வரும். பிரேக்கில் கால் வைத்து 'என்' போட்டு, ஹேண்ட்பிரேக் இழுத்து, காலை எடுத்து வண்டியை அமரவிடுங்கள். மறுபடி பிரேக், பிறகு 'பி'.

2018 மே முதல் தயாரித்து இங்கே விற்கும் கார்களில் பின்பக்கக் கேமரா கட்டாயம். ஆனால் ஜனவரியில், பனி கரையச் சாலையில் தூவும் உப்பு கலந்த சேறு லென்ஸை மூடிவிடும். அதைத் துடைத்து, பின்கண்ணாடிப் பனியை முழுக்கச் சுரண்டிவிட்டே ஏறுங்கள். டிரைவ்வேயின் இருபுறமும் குவித்த பனிமேடு, நடைபாதையில் ஸ்கூலுக்குப் போகும் பிள்ளையை முழுதாக மறைக்கும். நடைபாதைக்கு முன் நின்று, இருபுறமும் பார்த்து நகருங்கள்.

நாலைந்து குளிர்காலம் ஓட்டிப் பழகிய பிறகும் டிக்கித் தட்டுக்குக் காது காத்திருக்கும். ஊரில் ரிவர்ஸ் எடுத்தால் வண்டியே பாட்டுப் பாடும்; தெருப்பிள்ளைகள் பந்தை எடுத்துக்கொண்டு ஒதுங்குவார்கள். இங்கே கார் சத்தமில்லாமல் பின்னால் வரும். அதனால் மைனஸ் பத்தானாலும் கண்ணாடியை ஓர் அங்குலம் இறக்கி வையுங்கள். யாராவது கூப்பிட்டால் காதில் விழும்.