மனநலப் பிரிவு நாட்குறிப்பு: பினாங்கு, தைப்பூசம் முதல் நோன்பு மாதம் வரை

3 பிப்ரவரி 2025, திங்கள்

தைப்பூசம் அடுத்த செவ்வாய். மனநிலை ஏற்ற இறக்க நோய்க்கு லித்தியம் சாப்பிடுகிறவர்களில் யார் யார் விரதம் என்று இந்த வாரமே கேட்டுவிட வேண்டும். "விரதமா?" என்ற ஒரு கேள்வி போதாது. ஒரு வேளைச் சாப்பாடா, உப்பைக் குறைத்திருக்கிறாரா, நாளைக்கு எவ்வளவு தண்ணீர் குடிக்கிறார், தண்ணீர்மலை முருகன் கோயிலுக்கு நடந்து போகிறாரா, பால்குடமா காவடியா, எல்லாம் தெரிய வேண்டும்.

காரணம் சிறுநீரகம். லித்தியத்தையும் சோடியத்தையும் அது ஏறக்குறைய ஒரே விதமாகத்தான் நடத்துகிறது. உடம்பில் உப்பும் நீரும் குறையும்போது சோடியத்தை வெளியே விடாமல் பிடித்துக்கொள்ளும். கூடவே லித்தியமும் தங்கிவிடும். மாத்திரை அளவு மாறியிருக்காது, இரத்தத்தில் மட்டும் ஏறிக்கொண்டே போகும். நோய் அடங்கிய நிலையில் லிட்டருக்கு 0.6 முதல் 0.8 மில்லிமோல் பலருக்குப் போதும். 1.5 தாண்டினால் நச்சு அறிகுறிகளை எதிர்பார்க்க வேண்டும். வயதானவர்களுக்கு அதற்குக் கீழேயே வரலாம்.

கடைசி வேளை மருந்துக்கு 12 மணி நேரம் கழித்து எடுத்த இரத்தம்தான் கணக்கு. இரவு 9 மணிக்குச் சாப்பிட்டவருக்குக் காலை 9 மணி. காலை மாத்திரையைப் போட்டுக்கொண்டு வந்தவரிடம் எடுத்தால் எண் கூடுதலாகக் காட்டும். குழாயையும் பார்க்க வேண்டும். பச்சை மூடிக் குழாய்கள் பலவற்றில் இரத்தம் உறையாதிருக்க லித்தியம் ஹெப்பாரின் சேர்த்திருப்பார்கள். அதில் எடுத்தால் நன்றாக இருக்கிறவருக்கும் அளவு ஏறியதாக வரும்.

நடந்த களைப்புக்கு வீட்டில் இருக்கும் வலி மாத்திரைகளான பொன்ஸ்தான், இபுபுரூஃபன், டைக்ளோஃபெனாக் எதையும் தொடக்கூடாது. மூன்றும் லித்தியத்தை ஏற்றிவிடும். வலித்தால் பனடோல் (பாராசிட்டமால்) போதும். விரல் நுனியில் மெல்லிய நடுக்கம் பலருக்கு எப்போதும் உண்டு, அது வேறு. கையில் இருக்கும் தண்ணீர் தளும்பிச் சிந்துகிற நடுக்கம், வாந்தி, பேதி, தள்ளாட்டம், நாக்குக் குழறல் வந்தால் அடுத்த மாத்திரையை நிறுத்திவிட்டு நேரே அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும். கூட வருகிற குடும்பத்துக்கும் இதைச் சொல்ல வேண்டும். கூட்டத்தில் தள்ளாடுகிறவரைக் குடித்திருக்கிறார் என்றுதான் எல்லாரும் நினைப்பார்கள்.

"காவடி எடுக்காதீங்க" என்று தடுப்பதில் எனக்கு உடன்பாடு இல்லை. நேர்த்திக்கடனா மாத்திரையா என்று வந்தால் பலர் மாத்திரையைத்தான் விடுவார்கள். லித்தியத்தைத் திடீரென்று நிறுத்தினால் மிகையெழுச்சி (மேனியா) சில வாரங்களிலேயே திரும்பக்கூடும். தண்ணீரும் உப்பும் விடாமல் எடுத்துக்கொள்ளட்டும், வெயிலுக்கு முன் ஏறட்டும், போகுமுன் ஒரு இரத்தப் பரிசோதனை செய்துகொள்ளட்டும்.

7 பிப்ரவரி, வெள்ளி

ஊசி நாள். ஃபுளுஃபெனசின் டெக்கனோயேட் நல்லெண்ணெயில் கரைத்த, பல வாரம் வேலை செய்யும் மனநோய் மருந்து, ஒரு மில்லிக்கு 25 மில்லிகிராம். எள் ஒத்துக்கொள்ளாதவர் உண்டா என்று முதலிலேயே கேட்க வேண்டும். எண்ணெய் கெட்டியாக இருப்பதால் 21 எண் ஊசி. தோலையும் கொழுப்பையும் ஒரு பக்கம் 2, 3 சென்டிமீட்டர் இழுத்துப் பிடித்து, செங்குத்தாகக் குத்தி, மெதுவாகச் செலுத்தி, 10 வினாடி காத்திருந்து, ஊசியை எடுத்த பிறகே தோலை விட வேண்டும். அப்போது மருந்து போன பாதை தானே மூடிக்கொள்ளும். தேய்க்கக்கூடாது; தேய்த்தால் மருந்து தோலடிக்குக் கசிந்து கட்டியாகும். இடமா வலமா என்று கார்டில் எழுதாவிட்டால் அடுத்த முறையும் அதே பக்கம்தான் குத்தப்படும்.

அடுத்த சில நாளில் கழுத்து ஒரு பக்கம் இழுக்கும், கண் மேலே செருகிக்கொள்ளும், தாடை பூட்டிக்கொள்ளும் வாய்ப்பு உண்டு, இளம் ஆண்களுக்கு அதிகம். வீட்டில் பேய் பிடித்ததாகவோ வலிப்பு என்றோ பயந்துபோவார்கள். இந்த இறுக்கத்தைத் தளர்த்தும் பென்ஹெக்சோல் மாதிரியான மருந்தில் சரியாகும் என்று முன்பே சொல்லிவைத்தால் அடுத்த ஊசிக்கும் வருவார்.

ஊசி போட்ட கையோடு இடுப்பை அளந்துவிடுவது நல்லது. கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவில், மூச்சை விட்ட நிலையில் அளக்க வேண்டும். நம்மவர்களில் ஆணுக்கு 90, பெண்ணுக்கு 80 சென்டிமீட்டரே எல்லை. இந்த நோயாளிகள் பலரின் ஆயுளைக் குறைப்பது இருதயமும் சர்க்கரையும்தான். ஒரு நாளில் மூன்று தே தாரேக் (இனிப்புப் பால் தேநீர்) குடிப்பவரிடம் "டயட்" என்று பொதுவாகச் சொல்லிப் பயனில்லை. பாலும் சர்க்கரையும் இல்லாத தே ஓ கொசோங்குக்கு மாறச் சொன்னால் நடக்கும்.

11 பிப்ரவரி, செவ்வாய், தைப்பூசம்

அருள் வருவது நோயல்ல. சடங்கில் தொடங்கி, விபூதி இட்டதும் தணிந்து, பிறகு பெயரும் ஊரும் சொல்லிச் சாப்பிட்டுத் தூங்குகிறவருக்கு நம் மருந்து எதற்கு? நாம் கேட்க வேண்டியது அதற்கு முந்தைய வாரத்தைப் பற்றி. தூக்கம் குறைந்ததா, காசு தண்ணீராகச் செலவானதா, தனியாகப் பேசினாரா, கோயிலில் மற்றவர்கள் "இது சாமி இல்லை" என்று ஒதுங்கினார்களா? கடைசிக் கேள்விக்கான பதில் பெரும்பாலும் சரியாக இருக்கும்.

மனநோய் மருந்து சாப்பிடுகிறவர் மயங்கி வந்தால் வெப்பமானியும் சர்க்கரைப் பரிசோதனையும்தான் முதலில். பென்ஹெக்சோல் வியர்வையைக் குறைப்பதால் வெயில் சீக்கிரம் தாக்கும். காய்ச்சலோடு உடம்பு மரக்கட்டையாக விறைத்து, இரத்த அழுத்தம் ஏறி இறங்கினால் அது அந்த மருந்துகளாலேயே வரும் உயிராபத்து. அடுத்த வேளை மருந்து கூடாது. உடனே மருத்துவர் பார்க்க வேண்டும்.

17 பிப்ரவரி, திங்கள்

பள்ளி தொடங்கும் காலம். கவனக்குறைவு, மிகைத்துடிப்புக்கு மெத்தில்ஃபெனிடேட் சாப்பிடும் பிள்ளைகளுக்குப் பசியாறிய பிறகே மாத்திரை. முதலில் கொடுத்தால் பசி போய்விடும், கேன்டீனிலும் சாப்பிடாது. மாலையில் மருந்து இறங்கும்போது வரும் எரிச்சலைப் "பிடிவாதம்" என்று அடிப்பவர்கள் இருக்கிறார்கள். நேரத்தைக் குறித்துக் காட்டினால் பெற்றோருக்குப் புரியும். உயரம், எடை, நாடி, இரத்த அழுத்தம் நான்கையும் ஆறு மாதத்துக்கு ஒரு முறையாவது எழுத வேண்டும்.

பதின்ம வயதினரைத் தனியாகச் சில நிமிடமாவது பார்க்காமல் அனுப்பக்கூடாது. "சாகணும்னு தோணுதா?" என்று நேராகக் கேட்பது எண்ணத்தை விதைக்காது. மனச்சோர்வு மருந்தான ஃபுளுவோக்செட்டின் தொடங்கிய முதல் வாரங்களில் அந்த எண்ணம் கூடக்கூடும், அதனால் அடிக்கடி பார்க்க வேண்டும். வீட்டில் இருக்கும் பனடோல் பட்டைகளையும் தாத்தாவின் இருதய மருந்தையும் பூட்டிவைக்கச் சொல்வது அரை நிமிட வேலை. உயிர் பிழைப்பது பல முறை அதனால்தான். தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய தண்டனைச் சட்டத்தின் 309ஆம் பிரிவு நீக்கப்படுவதை 2023இல் மலேசிய நாடாளுமன்றம் ஏற்றது. போலீஸ் வரும் என்று பயந்து நடந்ததை மறைக்கும் குடும்பங்களுக்கு இதைச் சொல்ல வேண்டும். 15555 என்ற ஹீல் மனநல உதவித் தொலைபேசி இலக்கத்தையும் எழுதிக் கொடுக்க வேண்டும்.

20 பிப்ரவரி, வியாழன்

பிரசவித்த பெண்ணிடம் கேட்க வேண்டியது தூக்கம். குழந்தை தூங்கும்போதும், பார்த்துக்கொள்ள ஆள் இருந்தும் தூங்க முடியவில்லையா? பிரசவத்துக்குப் பின் வரும் மனச்சோர்வைக் கண்டறியும் எடின்பரோ கேள்வித்தாளில் பத்துக் கேள்வி, கடந்த 7 நாளைப் பற்றியது, மொத்தம் 30. 13 வந்தால் மேலும் விசாரிக்க வேண்டும். தன்னையே காயப்படுத்திக்கொள்ளும் எண்ணம் பற்றிய பத்தாவது கேள்விக்கு "ஒருபோதும் இல்லை" தவிர வேறு எந்தப் பதில் வந்தாலும், மொத்தம் எவ்வளவு குறைவாக இருந்தாலும், அன்றே பேச வேண்டும். மாமியார் பக்கத்தில் இருக்க நிரப்பிய தாளை நம்ப வேண்டாம். முதல் இரண்டு வாரத்துக்குள் குழப்பமும் விசித்திர நம்பிக்கைகளும் வந்தால் "பத்தியம் சரியில்லை" என்று காத்திருக்காமல் அன்றைக்கே சேர்க்க வேண்டும்.

25 பிப்ரவரி, செவ்வாய்

பொதுப் பிரிவிலிருந்து "பாட்டி பிதற்றுகிறார், மனநலப் பிரிவு வரவும்" என்று அழைப்பு வந்தால் முதலில் எப்போதிலிருந்து என்று கேட்க வேண்டும். சில மணி நேரத்தில், சில நாளில் வந்து, ஏறி இறங்கினால் அது சித்தப்பிரமை (டெலிரியம்), உடல் நோயால் வரும் குழப்பம். வயிற்றைத் தொட்டுப் பார்க்க வேண்டும்: சிறுநீர் அடைபட்டிருக்கிறதா, மலம் இறுகியிருக்கிறதா? பிறகு நிமோனியா, சோடியம், வலி. மருந்துப் பட்டியலில் பென்ஹெக்சோல், சளிக்குக் கொடுத்த பிரிட்டோன் இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். கத்துகிறவரை எல்லாரும் பார்ப்பார்கள். பேசாமல் சுருண்டு கிடக்கிறவருக்கும் அதே சித்தப்பிரமை இருக்கலாம், அவரை யாரும் பார்ப்பதில்லை.

கவனத்தைச் சோதிக்க மாதங்களைப் பின்னோக்கிச் சொல்லச் சொல்வது வழக்கம். தோட்டத்தில் வளர்ந்த, பள்ளிக்குப் போகாத பாட்டியிடம் அதை மலாயில் கேட்டுவிட்டு மறதிநோய் என்று எழுதுவது அநியாயம். தமிழில், சனி, வெள்ளி, வியாழன் என்று கிழமைகளைப் பின்னோக்கிச் சொல்லச் சொன்னால் போதும்.

கண்ணாடி, பல்செட், காதுக் கருவி மூன்றும் வீட்டில் கிடக்கும். மகளிடம் சொல்லி வரவழைக்க வேண்டும். பகலில் சன்னல் பக்கம், இரவில் மங்கலான விளக்கு. கையைக் கட்டினால் கலவரம் கூடும். தனக்கோ பிறருக்கோ ஆபத்து என்றால் மட்டும் மனநோய் மருந்தான ஹாலோபெரிடால், அதுவும் 0.5 மில்லிகிராமில் தொடங்கி. பார்க்கின்சன் நோய் இருந்தால் அதுவும் கூடாது.

1 மார்ச், சனி

நாளை நோன்பு தொடங்குகிறது. மற்ற மருந்துகளுக்கு அடங்காத மனச்சிதைவுக்கு க்ளோசபைன் சாப்பிடும் முஸ்லிம் நோயாளிகளிடம் இன்றே பேச வேண்டும். அது இரத்த வெள்ளணுக்களைக் குறைக்கக்கூடும் என்பதால் அவற்றைச் சோதிப்பது எல்லாருக்கும் நினைவிருக்கும்: முதல் 18 வாரம் வாரம் ஒரு முறை, பிறகு மாதம் ஒரு முறை. மலச்சிக்கல்தான் மறந்துபோகும், அதற்கும் உயிர் போயிருக்கிறது. இந்த மருந்து குடலின் அசைவையே மந்தப்படுத்துகிறது. பகல் முழுதும் தண்ணீர் இல்லாமல், நோன்பு திறப்பில் பொரித்த பலகாரம் மட்டும் என்றால் இன்னும் மோசம். "மலச்சிக்கலா?" என்று கேட்டால் இல்லை என்பார்கள். "கடைசியாக எந்தக் கிழமை போனீர்கள்?" என்று கேட்க வேண்டும். வயிறு உப்பி, வாந்தியும் இருந்தால் மலமிளக்கி கொடுத்து வீட்டுக்கு அனுப்பக்கூடாது, அவசரப் பிரிவு.

நோன்பு என்று மாத்திரையை விட்டவர் எத்தனை வேளை விட்டார் என்று எண்ண வேண்டும். 48 மணி நேரம் தாண்டிவிட்டால் பழைய அளவில் திரும்பத் தொடங்கக்கூடாது, 12.5 மில்லிகிராமிலிருந்து ஏற்ற வேண்டும். இல்லாவிட்டால் இரத்த அழுத்தம் சரிந்து விழுந்துவிடுவார்.

சிகரெட்டும் கேட்க வேண்டும். புகையில் உள்ள பொருள்கள் க்ளோசபைனைக் கல்லீரல் சீக்கிரம் சிதைக்கும்படி செய்கின்றன. நோன்பை ஒட்டிப் புகையை ஒரேயடியாக விட்டால், அதே மாத்திரையில் இரத்த அளவு சில நாளில் ஏறி, பகலெல்லாம் தூங்கி வழிவார், எச்சில் ஒழுகும். விட்டது நல்லதுதான். விடும் நாளை முன்பே மருத்துவரிடம் சொன்னால் அளவைக் குறைத்துத் தருவார். விட நினைப்பவர் என்றைக்கு விடுகிறார் என்று கேட்டு, கார்டில் சிவப்பு மையில் எழுதி, அடுத்த வாரமே வரச் சொல்ல வேண்டும்.