காவிரித் தண்ணீரில் குளித்த சிம்னி

எங்கள் வீட்டுச் சமையலறைக்குப் புகை உறிஞ்சும் சிம்னி வந்து மூன்று வருடங்கள் ஆகின்றன. வாங்கிய அன்று கடைக்காரர் பெட்டியின் மேல் அச்சிட்டிருந்த எண்ணை விரலால் தட்டிக் காட்டினார்: மணிக்கு 1,200 கன மீட்டர் காற்றை இழுக்குமாம். அது எவ்வளவு என்று எனக்கு விளங்கவில்லை. பெரிய எண்ணாக இருந்தது, வாங்கிவிட்டேன். இந்தக் கோடையில் அந்த 1,200இல் பன்னிரண்டுகூட வேலை செய்யவில்லை. சாளை பொரித்தால் புகை மேலே போகும், சிம்னியை எட்டிப் பார்க்கும், மனம் மாறிக் கூடத்துக்கு வந்து தொலைக்காட்சி முன் உட்கார்ந்துகொள்ளும். தலையணை உறையில்கூட மீன் வாடை.

சர்வீஸ் ஆளைக் கூப்பிட்டேன். ராமநாதபுரத்திலிருந்து எங்கள் ஊரான மண்டபம் வர வண்டிச் செலவு தனி, கழுவும் கூலி தனி, ஆக 1,800 ரூபாய் என்றார். எந்த நாள் வருவார் என்பதை மட்டும் சொல்லவில்லை. அந்தப் பணத்துக்கு மீன்பிடித் தடைக்கால விலையிலும் நல்ல மீனாகவே வாங்கலாம். "நானே கழுவிக்கொள்கிறேன்" என்று வீட்டில் அறிவித்தேன். மனைவி ஒன்றும் சொல்லவில்லை. அடுப்பிலிருந்த குழம்புச் சட்டியைத் தூக்கிக்கொண்டு போய் முன்னறையில் பத்திரமாக வைத்தாள். என்னோடு பதினெட்டு வருடம் குடும்பம் நடத்தியவள்.

அத்தை மட்டும் திண்ணையில் முருங்கைக்கீரை உருவியபடி ஒரு வார்த்தை சொன்னார். "மாப்பிள்ளை, முன்பெல்லாம் மீன் பொரித்தால் கொல்லைப் பக்கம் பூனைகள் வந்து நிற்கும். இப்போது ஒன்றையும் காணோமே."

பூனைக்கும் சிம்னிக்கும் என்ன சம்பந்தம்? சிரித்துவிட்டு ஏணியை எடுக்கப் போனேன்.

மின் இணைப்பைத் துண்டித்தது வரை எல்லாம் சரியாகத்தான் நடந்தது. அடுத்து எண்ணெய்க் கிண்ணத்தைக் கழற்ற வேண்டும், பிறகுதான் ஃபில்டரைத் தொட வேண்டும். நான் வரிசையை மாற்றிவிட்டேன். ஃபில்டரின் பிடியை அழுத்தி இழுத்ததும் கிண்ணம் தானாகவே இறங்கி, என் தோளில் ஒரு முறையும் அடுப்பின் மேல் ஒரு முறையும் கவிழ்ந்தது. உள்ளே இருந்தது எண்ணெய் என்றால் எண்ணெய்க்கு அவமானம். பதம் தப்பிய கருப்பட்டிப் பாகுபோல் கறுத்து, விரலில் எடுத்தால் நூலாக நீண்டது. நடுவில் ஒரு கரப்பான் பூச்சி, கால்கள் கலையாமல் அப்படியே பதிந்திருந்தது. மூன்று வருடச் சாளையும் அப்பளமும் வடையும் சேர்ந்து இறங்கிய சாறு அது. அடுப்புத் தீ எகிறி இதைத் தொட்டிருந்தால் குழாய் வழியாக மாடிவரை ஏறியிருக்கும் என்ற நினைப்பே எனக்கு அப்போதுதான் வந்தது.

காணொளியில் ஒருவர் ஆப்பச் சோடாவைத் தூவி, அதன் மேல் வினிகரை ஊற்றினார். நுரை பொங்கியது. பார்க்க அழகாக இருந்ததால் நானும் செய்தேன். பிளஸ் ஒன் முடித்து விடுமுறையில் இருக்கும் மகன் வந்து எட்டிப் பார்த்தான்.

"அப்பா, அமிலமும் காரமும் ஒன்றை ஒன்று சரிக்கட்டிவிடும். நுரை வெறும் கார்பன் டை ஆக்சைடு. மிச்சம் இருப்பது ஒரு வகை உப்புத்தண்ணீர்."

உப்புத்தண்ணீருக்கு மண்டபத்தில் என்ன பஞ்சம்? வடக்கே ஒரு கடல், தெற்கே ஒரு கடல். ஒரு முழுப் புட்டி வினிகர் போனதுதான் மிச்சம்.

சோப்பும் வெந்நீரும் போட்டுத் தேய்க்கலாம் என்றால், எங்கள் கிணற்றுத் தண்ணீரில் சோப்பு நுரைக்காது, திரிந்த பால்போல் மிதக்கும். நுரைக்கும் தண்ணீர் வீட்டில் ஒன்றுதான்: குடங்களில் பிடித்து வைத்திருக்கும் காவிரிக் கூட்டுக் குடிநீர். மனைவி கடைத்தெருவுக்குப் போன நேரம் பார்த்து இரண்டு குடங்களைக் கொதிக்க வைத்தேன். எங்கோ குடகில் புறப்பட்டு, இத்தனை அணை தாண்டி, குழாய் வழியே எங்கள் ஊர்வரை வந்த தண்ணீர் கடைசியில் என் சிம்னிக் கசடைக் கழுவியது. திரும்பி வந்தவள் காலிக் குடங்களைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், மறுபடியும் குடங்களைப் பார்த்தாள்.

இங்கேயே நிறுத்தியிருக்கலாம். அரை மணி நேர ஊறலில் எஃகு ஃபில்டர்கள் இரண்டும் பளிச்சென்று ஆகிவிட்டன. அவற்றுக்குப் பின்னால் இருந்த வலை மட்டும் பிடிவாதமாக இருந்தது. ஹார்டுவேர் கடையில் காஸ்டிக் சோடா வாங்கி வந்து, கையுறை மாட்டிக்கொண்டு, அந்த வலையை அதில் முக்கினேன். வாளி புஸ்ஸென்று சீறியது. வேலை செய்கிறது என்று நான் மகிழ்ந்துகொண்டிருக்கையில் மகன் கத்தினான்: "அப்பா, அது அலுமினியம்! காஸ்டிக் அதைத் தின்றுவிடும். வருவது ஹைட்ரஜன், தீக்குச்சி எதையும் பற்ற வைக்காதீர்கள்!" வெளியே எடுத்தபோது வெள்ளி நிற வலை அடுப்புக்கரி நிறத்துக்கு மாறியிருந்தது.

இதற்குள் பக்கத்து வீட்டுத் தம்பி தேநீர்க் குவளையோடு வந்து நின்றுவிட்டார். விசைப்படகில் டிரைவர். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம், படகு கரையில். அவருக்கு அன்று என்னைவிட நல்ல பொழுதுபோக்கு கிடைத்திருக்காது. மோட்டார் மூடியில் நான்கு ஸ்க்ரூ. நான்கும் துருவேறி, தலை தேய்ந்து, திருப்புளி வழுக்கியது. பாம்பனில் 2025இல் திறந்த புதிய ரயில் பாலத்துக்கு உப்புக்காற்றைத் தாங்கத் துருப்பிடிக்காத கம்பி போட்டு, தனிப் பூச்சும் அடித்திருக்கிறார்கள். என் சிம்னியைச் செய்தவர்களுக்குக் கடல் என்று ஒன்று இருப்பதே தெரியாது போலும்.

"அண்ணே, டீசல் விட்டு ஊறவையுங்கள்" என்று அவரே போய் ஒரு புட்டியில் கொண்டுவந்தார். மூன்று மணிக்கு மூடி கழன்றது. காலாவதியான ஏடிஎம் அட்டையால் விசிறியின் ஒவ்வோர் இறக்கையையும் சுரண்டினேன். சோப்புக்கட்டி அளவுக்கு வந்தது.

அந்த வலையைத் தவிர எல்லாவற்றையும் மாட்டி, பொத்தானை அழுத்தினேன். பிசிறில்லாத உறுமல். ஊதுபத்தியைக் கொளுத்திக் கீழே பிடித்தேன். புகை மேலே போனது, எட்டிப் பார்த்தது, என் முகத்துக்கே திரும்பி வந்தது.

மகன் அளவு நாடாவை எடுத்தான். "சமையலறை 10 அடிக்கு 8 அடி, உயரம் 10. கணக்குப்படி கிட்டத்தட்ட நிமிடத்துக்கு ஒரு முறை இங்குள்ள காற்று முழுவதும் வெளியே போக வேண்டும்." போக வேண்டும்தான். எங்கே போகிறது?

பக்கத்து வீட்டுத் தம்பி கொல்லைப் பக்கம் போய்க் கையை உயர்த்திப் பார்த்தார். "அண்ணே, வெளிவாயில் காற்றே வரவில்லையே!"

ஏணியைக் கொல்லைக்கு மாற்றினோம். குழாயின் வெளிவாயில் மூன்று மெல்லிய தகடுகள் உண்டு. உள்ளிருந்து காற்று தள்ளினால் திறக்கும், வெளிக்காற்று மோதினால் மூடிக்கொள்ளும். எங்கள் வெளிவாய் மன்னார் வளைகுடாவைப் பார்த்து இருக்கிறது. கச்சான் காற்று மோதி மோதி மூடி, உப்பு படிந்து, கீல் துருப்பிடித்து, மூன்றும் பற்றவைத்ததுபோல் ஒட்டிக்கிடந்தன. நான்கு சொட்டு டீசல், சுத்தியல் பிடியால் இரண்டு தட்டு. ஒரு தகடு கையோடு வந்துவிட்டது, மற்ற இரண்டும் படபடவென்று திறந்தன. பத்து நிமிடம்கூட ஆகவில்லை.

கறுத்துப்போன வலையை எறியப் போனேன். அத்தை தடுத்து வாங்கிக்கொண்டார். மொட்டைமாடியில் காயும் கருவாட்டைக் காகம் கொத்தாமல் மூட அளவாக இருக்கிறதாம்.

மாலையில் அந்தத் தம்பியின் வீட்டிலிருந்து ஒரு தட்டு சாளை வந்தது, தடை இல்லாத நாட்டுப்படகு மீன். மனைவி மசாலா தடவி வாணலியில் போட்டாள். புகை நேராக மேலே ஏறி மறைந்தது. கொல்லைப் பக்கம் மியாவ் என்றது. போய்ப் பார்த்தால் வெளிவாய்க்கு நேர் கீழே நான்கு பூனைகள், பந்தியில் உட்கார்ந்ததுபோல் வரிசையாக.

அத்தை மெல்ல எழுந்து வந்து எண்ணினார். "அந்த மொட்டைவாலைக் காணோமே" என்று மதில் பக்கம் தேடினார். அதுவும் குதித்து வந்த பிறகுதான் மீன் தலைகளைப் போடத் தொடங்கினார். என் பக்கம் திரும்பவே இல்லை.