தெர்மாகோல் மேல கண்ணாடி, கண்ணாடி மேல கருப்புத் துணி

போன வருஷம் செகண்ட் ஹேண்ட்ல ஒரு பேடில்போர்டு வாங்குனேன். பத்தரை அடி நீளம், 32 இன்ச் அகலம், நின்னுகிட்டே துடுப்பு போடற ஸ்டாண்ட் அப் போர்டு. காத்தடிச்சு ஊதற டைப் இல்ல, கெட்டி போர்டு. வித்தவரு "ஒண்ணும் பிரச்சன இல்ல ப்ரோ, பெயிண்ட் மட்டும் அங்கங்க போயிருக்கு"ன்னாரு. நானும் நம்பி தூக்கிட்டு வந்துட்டேன். கோவளத்துல மொத நாள் எறக்கி ஏறி நின்னா, குதிகால் படற எடம் லேசா உள்ள போகுது. கரைக்கு வந்து கட்டவிரலால அமுக்கிப் பாத்தேன், பழுத்த பப்பாளி மாதிரி இருந்துச்சு.

அது மட்டும்னா பரவால்ல, வீட்ல வந்து பின்பக்கம் கீழ வர்ற மாதிரி சாய்ச்சு வெச்சேன், காலைல பாத்தா தரையில சின்னதா ஒரு குளம். ஃபின், அதான் அடில பின்பக்கம் இருக்கற துடுப்பு மாதிரி செதில், அத மாட்டற பாக்ஸ் ஓரத்துல முடி மாதிரி ஒரு விரிசல், அது வழியா எத்தன மாசமா தண்ணி குடிச்சிட்டு இருந்துச்சோ. ஊருக்குப் போறப்ப பெட்டி தூக்கிப் பாக்கற ஹூக் தராசுல மாட்டுனேன், 13.1 கிலோ. காத்து போற வென்ட் ஸ்க்ரூவ கழட்டிட்டு மொட்டமாடில நெழல்ல மூணு வாரம் நிக்க வெச்சேன், மறுபடி மாட்டுனா 12.4. அப்ப 700 கிராம் கடல் தண்ணிய தலைல சுமந்துட்டு திரிஞ்சிருக்கேன்.

இந்த போர்டுங்க உள்ள என்ன இருக்குன்னு தெரியாதவங்களுக்கு: தெர்மாகோல் தான். வைகை டேம்ல மிதக்க விட்டாங்களே, அதே சாமான், கொஞ்சம் அடர்த்தி அதிகம் அவ்ளோ தான். அது மேல கண்ணாடி இழைத் துணிய எபாக்சி ரெசின்ங்கற பசைல நனைச்சு ஒட்டிருப்பாங்க. பலம் பூரா அந்த தோல்ல தான் இருக்கு, மேல் தோலையும் கீழ் தோலையும் தள்ளித் தள்ளி நிக்க வெக்கறது மட்டும் தான் தெர்மாகோல் வேல. நாம நடுவுல நிக்கறோம், தண்ணி கீழேர்ந்து முழு நீளத்துக்கும் தள்ளுது, அப்ப மேல் தோல் நசுங்கப் பாக்கும், அடித்தோல் இழுபடும். மேல நம்ம குதிகால் வேற ஒரே எடத்துல குத்திட்டே இருக்கும், கீழ இருக்கற தெர்மாகோல் நொறுங்கி தோல் தனியா கழண்டுக்கும். எனக்கு நடந்தது அது தான்.

சரி நாமளே பண்ணிடலாம்னு முடிவு பண்ணேன். பண்றதோட பண்றது கொஞ்சம் கார்பன் ஃபைபரும் போட்ருவோம்னு ஒரு ஆச. உண்மைய சொல்லணும்னா தேவைக்கு கண்ணாடித் துணி போதும், கார்பன் சும்மா நாலு பேர் பாக்கறதுக்கு. ஒரு மீட்டர் கார்பன் வாங்குன காசுக்கு கண்ணாடித் துணி பத்து மீட்டர் கிட்ட வந்திருக்கும், வீட்ல இன்னும் வெல தெரியாது.

எங்க ஏரியால மீன்பிடி ஃபைபர் போட்டுக்கு பேட்ச் போடற ஒரு அண்ணன் இருக்காரு. சுனாமிக்கு அப்பறம் கட்டுமரம் கொறஞ்சு எல்லாம் ஃபைபர் போட்டா மாறுன காலத்துலேர்ந்து இதே வேல. அவர் ஷெட்டுக்கு போர்ட எடுத்துட்டுப் போனேன்.

"இன்னா தம்பி, இதுக்கா இவ்ளோ யோசிக்கற? குடு, ரெண்டு மேட் போட்டு சாயந்தரம் குத்துர்றேன்."

"அண்ணே, உள்ள தெர்மாகோல்ணே."

மனுஷன் சட்டுனு போர்ட கீழ வெச்சிட்டாரு. எதுவும் பேசல, மூலைல கெடந்த டிவி பேக்கிங் தெர்மாகோல் ஒரு துண்டு எடுத்தாரு, டின்லேர்ந்து ரெசின் ஒரு கரண்டி ஊத்துனாரு. ஒரு நிமிஷம் கூட ஆகல, ஊத்துன எடம் அப்படியே குழி விழுந்து, ஓரம் சுருங்கி, வெள்ள மணி மணியா இருந்ததெல்லாம் கொழகொழன்னு சளி மாதிரி ஆயிடுச்சு. போட்டுக்கு போடறது பாலியெஸ்டர் ரெசின், அதுல ஸ்டைரின் இருக்கு, அது தெர்மாகோல கரைச்சிடும். படிச்சு தெரிஞ்சது தான், ஆனா கண்ணால பாக்கறப்ப வயித்த கலக்குச்சு. "இத்த நான் தொட மாட்டேன்பா, நீ எபாக்சி வாங்கிட்டு வா, எப்டி போடறதுன்னு காட்டறேன்"னாரு.

எபாக்சி வந்தப்பறம் எங்க ரெண்டு பேருக்கும் சண்ட. அவரு கண்ணளவு ஆளு. பாலியெஸ்டர்ல வெயில் அடிச்சா, ரெசின கெட்டியாக்கற ஹார்ட்னர கொறைப்பாரு, மழ மோடமா இருந்தா ரெண்டு சொட்டு கூட விடுவாரு, அது அங்க செல்லும். எபாக்சில அந்த கதையே கெடையாது, நான் வாங்குனது எடைக்கு 100 பங்கு ரெசினுக்கு 30 பங்கு ஹார்ட்னர், ஹார்ட்னர் கூட ஊத்துனா சீக்கிரம் காயாது, கடைசி வரைக்கும் பிசுபிசுன்னு நிக்கும். அம்மா கேக் செய்ய வாங்கி வெச்சிருந்த தராச எடுத்துட்டுப் போய் கிராம் கிராமா அளந்தேன், அவரு "நக கடையா வெச்சிருக்க?"ன்னு சிரிச்சாரு. ஆனா மொத கப்புல நான் மாட்டிகிட்டேன். மொத்தமா 300 கிராம் கலந்து கப்புலயே வெச்சிட்டு துணிய நேர் பண்ணிட்டு இருந்தேன், திரும்பிப் பாத்தா கப்பு இளகி பொகையுது. கலந்த ஒடனே அகலமான தட்டுல ஊத்திடணும், குமிச்சு வெச்சா அதோட சூட்டுலயே அது வெந்துடும்.

மேல் பக்கம் நல்லபடியா முடிஞ்சுது. பொசுக்குன்னு இருந்த தோல வட்டமா வெட்டி எடுத்துட்டு, நொறுங்குன தெர்மாகோல சுரண்டி, எபாக்சில மைக்ரோபலூன் பவுடர், அதான் உள்ள காலியா இருக்கற பொடிப்பொடி உருண்டைங்க, கலந்து இட்லி மாவு பதத்துக்கு வந்தப்பறம் ரொப்பி, தேச்சு, சதுர மீட்டருக்கு 200 கிராம் எடை வர்ற கண்ணாடித் துணி ரெண்டு லேயர் போட்டோம். ரெசின் ஏறுனதும் வெள்ளத் துணி காணாமப் போய் கண்ணாடி மாதிரி ஆகும் பாருங்க, அத பாக்கறதுக்கே இன்னொரு போர்டு ஒடைக்கலாம். தேய்க்கறப்ப கண்ணாடித் தூள் பறக்கும், மாஸ்க் கண்டிப்பா வேணும். கை பூரா மொதல்லயே டால்கம் பவுடர் பூசிக்கோன்னு அண்ணன் சொன்னாரு, நான் கேக்கல, ரெண்டு நாள் சொறிஞ்சேன். சுடுதண்ணில குளிச்சா இன்னும் மோசம், பச்சத் தண்ணி தான்.

அடிப்பக்கம் கார்பன். இதுல நான் கொஞ்சம் படிச்சிட்டுப் போனேன். கார்பன் விறைப்பு கண்ணாடிய விட கிட்டத்தட்ட மூணு மடங்கு, ஆனா நீளாது, நெளியாது, தாங்கற வரைக்கும் தாங்கிட்டு பட்டுனு போயிடும். இழுவிசைல தான் அதோட பலம் முழுசா வரும், அதனால தான் இழுபடற அடிப்பக்கம். அஞ்சு சென்டிமீட்டர் அகலத்துல ரெண்டு பட்டி, நீளவாக்குல. வெட்டற கோட்டு மேல மொதல்ல மாஸ்கிங் டேப் ஒட்டிட்டு டேப்போட சேத்து வெட்டணும், இல்லேன்னா ஓரம் பூரா நூல் நூலா பிரிஞ்சு வந்துடும்.

தப்பு பண்ணது இங்க தான். கண்ணாடி வேலைய சாயந்தரம் ஆறு மணிக்கு மேல தான் பண்ணோம், வெயில் எறங்க எறங்க உள்ள இருக்கற காத்து சுருங்கும், ரெசின உள்ள இழுத்துக்கும். கார்பன் வந்த மறுநாள் ஞாயித்துக்கெழம, எனக்கு பொறுமை இல்ல, அண்ணன் வரதுக்கு முன்னாடியே காலைல ஏழு மணிக்கு ஆரம்பிச்சிட்டேன். பழைய ஃபின் பாக்ஸ தோண்டி எடுத்துட்டு புதுசு வெச்சிருந்த எடத்த சுத்தி தெர்மாகோல் தொறந்து கெடந்துச்சு, பட்டி ரெண்டும் அது மேல தான் போகுது. பத்து மணிக்கு ஷெட்டோட கூரை ஷீட்டு சூடேறுனதும் உள்ள காத்து விரிஞ்சு வெளிய வர ஆரம்பிச்சுது, ஆப்பத்துல வர்ற மாதிரி ஓட்ட ஓட்டயா. ரோலர வெச்சு அமுக்குனா ஒரு பக்கம் அடங்குது, இன்னொரு பக்கம் எழும்புது.

கடைசில இன்னொரு கூத்து. கார்பன் கருப்பு, வெயில்ல கெடந்தா அடுப்பு மாதிரி சூடேறும், 80 டிகிரி தாண்டுனாலே தெர்மாகோல் தளர ஆரம்பிச்சிடும், கரைல போர்ட கவுத்துப் போடற பழக்கம் வேற நமக்கு. வேற வழியில்லாம வெள்ள பெயிண்ட் அடிச்சேன். நாலு பேர் பாக்கறதுக்கு வாங்குனத நாலு பேருக்கும் தெரியாம மறைச்சாச்சு. "கறுப்பு வாங்கி வெள்ள அடிக்கற மொத ஆளு நீ தான்பா"ன்னாரு அண்ணன்.

மறுபடி தராசுல மாட்டுனேன், 13.2. தண்ணியோட இருந்ததை விட நூறு கிராம் கூட. ஆனா ஏறி நின்னா கல்லு மாதிரி நிக்குது, முட்டுக்காடு பேக்வாட்டர்ல மூணு தடவ எடுத்துட்டுப் போயாச்சு, சாய்ச்சு வெச்சா தர காய்ஞ்சே இருக்கு.

அண்ணன் போன வாரம் தான் முடிஞ்சத பாத்தாரு. சட்டப் பாக்கெட்லேர்ந்து அஞ்சு ரூவா காயின் எடுத்து அடிப்பக்கம் பூரா தட்டிட்டே வந்தாரு, டிங் டிங் டிங்குனு கேட்டுட்டே இருந்துச்சு, ஃபின் பாக்ஸ் பக்கத்துல வந்ததும் டொக். திரும்ப தட்டுனாரு, டொக். காதுல சொருகி வெச்சிருந்த பென்சில எடுத்து ஒரு உள்ளங்கை அகலத்துக்கு வட்டம் போட்டு, "காத்தால பண்ணியா?"ன்னாரு.

அந்த பென்சில் வட்டம் இன்னும் போர்ட்ல இருக்கு.