ஒரு பக்கமா, ரெண்டு பக்கமுமா? – பழைய சிடி பிளேயர், ரிப்பேர் மேசைக் குறிப்புகள்

2024 மார்ச் 5, செவ்வாய்

சோமனூரிலிருந்து ஒரு பழைய பிளேயர். "ஏனுங்க, எடது பக்கம் மட்டும் கொரகொரங்குதுங்க, லென்ஸ் போயிருச்சுங்களா?" லென்ஸாக இருக்க வழியில்லை. சிடி தட்டில் இடதும் வலதும் ஒரே பிட் வரிசையில் பின்னிக் கிடக்கின்றன. லென்ஸ் அழுக்கானால் இரண்டும் சேர்ந்தே கெடும். ஒரு பக்கம் மட்டும் கெட்டால் பெரும்பாலும் டிஏசி ஐசிக்கு (டிஜிட்டலை ஒலி சிக்னலாக மாற்றுவது) அப்புறம்தான் தேடணும்.

மூடியைக் கழற்றும் முன் பிளேயரின் பின்பக்கம் சிவப்பு, வெள்ளை பின்களை மாற்றிச் செருகினால் போதும். கொரகொரப்பு மறு ஸ்பீக்கருக்குத் தாவினால் குறை பிளேயரில். அதே ஸ்பீக்கரில் நின்றால் வயர், ஆம்ப், ஸ்பீக்கர். இதில் தாவியது.

மார்ச் 6, புதன்

பிளக்கைப் பிடுங்கி, போர்டைத் திருப்பிப் பார்த்தாயிற்று. அந்தப் பின்களைச் செருகும் ஆர்சிஏ ஜாக் காலடியில் ஈயத்தைச் சுற்றி முடி கனத்தில் வட்டமான விரிசல். வயரை இழுத்து இழுத்துச் செருகும் வீடுகளில் இது சகஜம். மேலேயே புது ஈயம் வைத்தால் நிற்காது. பழையதை உறிஞ்சி எடுத்துவிட்டு 60/40 ஈயம் வைக்கணும்.

கொரகொரப்பு போனது, ஆனால் அதே பக்கம் சத்தம் கம்மி, சற்று கிழிசல். இங்கேதான் நிறையப் பேர் ஆப்-ஆம்பை (சிக்னலைப் பெருக்கும் ஐசி) குற்றம் சொல்லி மாற்றுகிறார்கள். இதிலிருந்த 4558 ஆப்-ஆம்பில் 8-ஆம் காலில் பிளஸ் வோல்ட், 4-இல் மைனஸ், இரண்டும் ஒரே அளவு. 1, 7 கால்களில் ஏறக்குறைய 0 வோல்ட். அப்படியானால் ஐசியை விட்டுவிடலாம். (மைனஸ் இல்லாத ஒற்றை சப்ளை செட்டில் 1, 7-இல் பாதி வோல்ட் நிற்கும்.) ஜாக்குக்குப் பக்கத்திலேயே பக்கத்துக்கு ஒன்றாக மியூட்டிங் டிரான்சிஸ்டர் இருக்கும், ஆன் செய்யும்போது வரும் 'டப்' சத்தத்தை எர்த்துக்குத் தள்ளுவது அதன் வேலை. லீக் ஆனால் பாட்டையும் சேர்த்துத் தள்ளும். சிக்னல் லைனில் இருக்கும் காலை மட்டும் தூக்கியதும் பாட்டு தெளிந்தது. அந்த டிரான்சிஸ்டர் 2எஸ்சி2878, இரண்டு பக்கமும் சேர்த்தே மாற்றியாயிற்று. கால் தூக்கிய நிலையில் ஆன் செய்தால் 'டப்' வரும், வால்யூம் கம்மியாக வைக்கணும்.

மார்ச் 9, சனி

பல்லடத்துச் செட். இரண்டு பக்கமும் சேர்ந்து பாட்டு விட்டு விட்டுத் தாவுகிறது. விசைத்தறி வீட்டுச் செட்டைத் திறந்தாலே பஞ்சுத்தூசி படலமாகக் கிடக்கும். முதலில் ரப்பர் பல்பால் ஊதி, பிறகுதான் 99 சதவீத ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் ஒரு சொட்டு. பட்ஸை அழுத்தக்கூடாது, லென்ஸ் மெல்லிய கம்பியில் தொங்குகிறது. நெயில் பாலிஷ் ரிமூவர் வேண்டவே வேண்டாம், பிளாஸ்டிக் லென்ஸ் மங்கிவிடும்.

லென்ஸ் துடைத்தும் கடைசிப் பாட்டுகளில் மட்டும் தாவல். தட்டு உள்ளிருந்து வெளியே படிக்கும் என்பதால், தாவும் இடமே குறையைக் காட்டிக்கொடுக்கும். ஓரத்தில் தாவினால் லென்ஸ் நகரும் ரெயில், பல்சக்கரம். தொடக்கத்திலேயே திணறினால் தட்டைச் சுற்றும் ஸ்பிண்டில் மோட்டாரையும் சந்தேகப்படணும். உள்வட்டத்தில்தான் நிமிடத்துக்குச் சுமார் 500 சுற்று, ஓரத்தில் 200. இதில் ரெயில் கிரீஸ் ஆறின வெல்லப்பாகு மாதிரி இறுகிக் கிடந்தது. வழித்தெடுத்துவிட்டு வெள்ளை கிரீஸ் அரிசியளவு. தேங்காயெண்ணெய் விட்ட செட்டுகளும் வருகின்றன. மார்கழிக் குளிரில் அது உறைந்துவிடும்.

மார்ச் 12, செவ்வாய்

உறுமல். 50 ஹெர்ட்ஸ் அடித்தொனி என்றால் எர்த், வயர். 100 ஹெர்ட்ஸ் கரகரப்பு என்றால் சப்ளையைச் சீராக்கும் ஃபில்டர் கபாசிட்டர். இதில் 2200 மைக்ரோ, 25 வோல்ட், தலை உப்பியிருந்தது. 105 டிகிரி சூடு தாங்கும் வகை போட்டாயிற்று. பக்கத்தில் 7805 என்ற 5 வோல்ட் ரெகுலேட்டரின் கால்களையும் சூடு காட்டி ஈயம் புதுப்பித்தது நல்லது. போர்வெல் மோட்டார் போடும்போது மட்டும் வரும் 'டக்'குக்காகப் பிளேயரைப் பிரிக்க வேண்டாம்.

மார்ச் 13, புதன்

கம்பெனி சிடி பாடுகிறது, பதிந்த சிடி பாடவில்லை. பதிந்த தட்டு ஒளியைக் குறைவாகத் திருப்புவதால் லேசர் தளர்ந்ததை முதலில் காட்டுவது அதுதான். பிக்கப்பில் (லேசரும் லென்ஸும் உள்ள பாகம்) லேசர் அளவை வைக்கும் குட்டி பிரிசெட்டை யாரோ ஏற்கெனவே திருகியிருக்கிறார்கள். திருகினால் சில நாள் பாடும், பிறகு லேசர் டயோடே போகும். கேஎஸ்எஸ்-213 பிக்கப்பைப் புதிதாக மாட்டும்போது ரிப்பனைச் செருகிய பின்புதான் அதன் மேல் நிலைமின்சாரத்திலிருந்து காக்க வைத்திருக்கும் ஈயப் பொட்டை எடுக்கணும். எடுக்க மறந்தால் தட்டு சுற்றவே சுற்றாது, புது பிக்கப்பும் செத்தது என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போவார்கள்.