நடக்கிற வேகத்தில் ஓடும் இஞ்சின்கள்

மாடல் ரயில் சேர்க்கும் நாங்கள் இந்த முறை கூடும்போது யாரும் பெரிய இஞ்சின் கொண்டுவரக் கூடாது என்று முன்கூட்டியே பேசி வைத்துக்கொண்டோம். ஷண்டிங் இஞ்சின் மட்டும்தான். ஸ்டேஷன் யார்டிலும் ஆலை வாசலிலும் பெட்டிகளைப் பிரித்து, சேர்த்து, வரிசைப்படுத்திக் கொடுக்கும் சின்ன இஞ்சின்கள். பட்டர்வொர்த்துக்கும் சிங்கப்பூருக்கும் ஓடுவது அவற்றின் வேலை இல்லை. காலையிலிருந்து பொழுது சாயும் வரை அரை மைல் தண்டவாளத்துக்குள்ளேயே முன்னும் பின்னும் போய்க்கொண்டிருக்கும். மாடல் ரயில் சேர்ப்பவர்கள் பலருக்கு இவற்றின் மேல் கண் போவதில்லை. கடையில் எக்ஸ்பிரஸ் வண்டிகளும் நீராவி இஞ்சின்களும்தான் முன்னால் நிற்கும். எனக்கோ ஆரம்பத்திலிருந்தே இந்தக் குட்டிகள் மேல்தான் பிரியம்.

நான் மலேசியாவில், பேராக் மாநிலத்தின் ஊத்தான் மெலிந்தாங்கில் மோட்டார் காயில் சுற்றும் தொழிலில் இருப்பவன். பம்பு மோட்டார், ஐஸ் ஆலை மோட்டார், செம்பனை ஆலையிலிருந்து வரும் பெரிய மோட்டார்கள் எல்லாம் என் கைக்கு வரும். கடைக்குப் பின்னறையில் ஒரு நீள மேசை. அதைச் சுற்றித்தான் கூடுவோம். தெலுக் இந்தானிலிருந்து ஓர் ஆசிரியர், பாகான் டத்தோவிலிருந்து தோட்டத் தொழிற்சங்கத்தில் நெடுங்காலம் இருந்த ஓர் ஐயா, ஈப்போவில் கணினி வேலை பார்க்கும் ஒரு தம்பி, சுங்கை சிப்புட்டிலிருந்து வரும் ஓர் அண்ணன், கூடவே மூன்றாம் படிவம் படிக்கும் அவர் மகள். எல்லாரும் பசியாறிவிட்டு உட்கார்ந்தால் மதியச் சாப்பாட்டுக்கு என் மனைவி கூப்பிடும் வரை எழுந்திருக்க மாட்டோம்.

முதலில் பெட்டியைத் திறந்தவர் ஐயா. அமெரிக்க ஜெனரல் எலெக்ட்ரிக்கின் 44 டன் இஞ்சின், பாக்மன் கம்பெனி செய்த எச்.ஓ அளவு, அதாவது 1:87. நடுவில் ஓட்டுநர் அறை, முன்னும் பின்னும் தாழ்வான மூக்கு, ஒவ்வொரு மூக்குக்குள்ளும் ஒரு டீசல். அது ஏன் 45 டன்னோ 50 டன்னோ இல்லாமல் 44 டன் என்று தம்பி கேட்டான். ஐயா இந்தக் கேள்விக்காகவே காத்திருந்தவர் மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்தார்.

1937-ல் அமெரிக்க ரயில் கம்பெனிகளுக்கும் தொழிற்சங்கங்களுக்கும் ஓர் ஒப்பந்தம் ஏற்பட்டது. 90,000 பவுண்டுக்கு மேல் எடையுள்ள டீசல் இஞ்சினில் ஓட்டுநரோடு இன்னோர் ஆளும் இருக்க வேண்டும். அமெரிக்க டன் என்பது 2,000 பவுண்டு. 44 டன் என்றால் 88,000. எல்லைக்குச் சற்றுக் கீழே. ஓர் ஆளை வைத்தே ஓட்டிவிடலாம். அதற்காகவே வடிவமைத்து 1940 முதல் 1956 வரை இதைக் கட்டினார்கள். "ஒப்பந்தத்துல எழுதுன ஒரு வரி இரும்புல வந்து நிக்குது பாருங்க தம்பி. எடையைக் குறைச்சது இழுவைக்காக இல்ல, ஓர் ஆள் சம்பளத்துக்காக" என்றார். அவர் அந்த இஞ்சினை வாங்கியது அழகுக்காக என்றுதான் நான் இத்தனை நாளும் நினைத்திருந்தேன். கூலிப் பேச்சுவார்த்தை மேசையில் வாழ்நாளைக் கழித்தவர் கையில் இந்த இஞ்சின் இருப்பதைவிடப் பொருத்தம் வேறில்லை.

ஆசிரியர் கொண்டுவந்தது 1:76 அளவில் செய்த பிரிட்டிஷ் கிளாஸ் 08. மூன்று ஜோடிச் சக்கரங்களையும் இணைக்கும் பக்கத் தண்டு, நீண்ட மூக்கு, பின்னால் அறை, 350 குதிரைசக்தி. 1952 முதல் 1962 வரை 996 இஞ்சின்கள் கட்டப்பட்டன. அவற்றில் சில இன்றும் வேலை செய்கின்றன. ஆசிரியருக்கு இது பிடிக்கக் காரணம் வேறு. மலாயா ரயில்வேக்கு 1948-ல் வந்த முதல் டீசல் இஞ்சின்கள் இதே குடும்பம்தான்: இங்கிலீஷ் எலெக்ட்ரிக் செய்த ஷண்டர்கள், இதே மாதிரி ஆறு சக்கரம். மெயின் லைனில் ஓடும் டீசல் 1957-ல்தான் நமக்கு வந்தது. ஆக, இந்த நாட்டில் டீசல் காலத்தைத் தொடங்கி வைத்தது ஒரு ஷண்டர். இதைப் பள்ளியில் பிள்ளைகளுக்கும் சொல்வதாகச் சொன்னார். நல்ல காரியம்.

மேசைத் தண்டவாளத்தின் அகலம் 16.5 மில்லிமீட்டர். நம் மீட்டர் கேஜை, அதாவது ஒரு மீட்டர் அகலத் தண்டவாளத்தை, 1:76-க்குச் சுருக்கினால் 13 மில்லிமீட்டர் சொச்சம்தான் வர வேண்டும். அதனால் அவர் அந்த 08-க்கு மலாயா ரயில்வே வண்ணம் பூசினாலும், முன்னாலிருந்து பார்த்தால் கால் அகண்டு தெரியும். அவர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. நான் எடுத்துக்கொள்வேன்.

அண்ணன் மகள் பாப்பா கொண்டுவந்தது ஜெர்மனியின் கெஃப், இரண்டாம் வகை. 1930களில் சின்ன ஸ்டேஷன்களுக்காகச் செய்தது. மோட்டாரிலிருந்து சக்கரத்துக்குச் சங்கிலியில் விசை போகும். முழு இஞ்சின் ஓட்டுநர் தேவையில்லை, தனிப் பயிற்சி பெற்ற ஸ்டேஷன் ஊழியரே ஓட்டலாம். உண்மையான வண்டியே ஆறரை மீட்டர் நீளம்கூட இல்லை. எச்.ஓ-வில் அது ஏழு சென்டிமீட்டர் சொச்சம். அதற்குள் மோட்டார், கியர், ஓட்டக் கட்டளையை வாங்கி மோட்டாரை இயக்கும் டீகோடர் மூன்றையும் எப்படி நுழைத்தார்கள் என்று பார்க்க நான் மூடியைக் கழற்றச் சொன்னேன். "அங்கிள், கொக்கி உடைஞ்சிடும், நானே கழட்டுறேன்" என்று வாங்கிக்கொண்டாள். அவள் விரல்கள்தான் அதற்குச் சரி.

அப்புறம் சோதனைக்கு வந்தோம். எங்கள் மேசையில் ஒரே சோதனைதான்: நிற்காமல், குதிக்காமல், எவ்வளவு மெதுவாக ஓடுகிறது? ஷண்டிங்கில் பாதை மாற்றிவிடும் பாயிண்ட்ஸ்மேன் பக்கத்தில் நடந்து வருவார். இஞ்சின் அவர் நடைக்கு ஈடாகத்தான் போக வேண்டும். மணிக்கு 4 கிலோமீட்டர் என்று வைத்து 1:76-க்குச் சுருக்கினால் மேசையில் நொடிக்கு ஒன்றரை சென்டிமீட்டர். பெரிய எக்ஸ்பிரஸ் இஞ்சின் இந்தச் சோதனைக்கே வர வேண்டியதில்லை. அதற்கு எட்டுப் பன்னிரண்டு சக்கரங்களில் மின்சாரம் ஏறும், கனமான உடம்பு, வேகமும் அதிகம். ஓரிடத்தில் தொடர்பு விட்டாலும் ஓட்டத்தின் உந்துதலில் தாண்டிவிடும். நாலு சக்கர ஷண்டருக்கு அந்த வசதியெல்லாம் கிடையாது.

இதை என் தொழில் பாஷையில் சொல்கிறேன். மின்சாரம் இரண்டு தண்டவாளங்களிலிருந்தும் சக்கரம் வழியாக மோட்டாருக்குப் போகிறது. நாலு சக்கரம் என்றால் பக்கத்துக்கு இரண்டே தொடுமுனைகள். மேடை துளி வளைந்திருந்தால், நாலு கால் நாற்காலி ஆடுவதுபோல ஒரு சக்கரம் தூக்கிக்கொள்ளும். மீதி இருக்கும் ஒரு சக்கரத்துக்கு அடியில் தூசி இருந்தால் வண்டி நின்றுவிடும். பாதை பிரியும் இடமான பாயிண்ட் மேல் போகும்போது இன்னும் மோசம். தண்டவாளங்கள் வெட்டிக்கொள்ளும் நடுப்பகுதி மலிவான பாயிண்டுகளில் வெறும் பிளாஸ்டிக், அதில் மின்சாரமே இல்லை. குட்டி இஞ்சின் அந்த இடத்தில் கச்சிதமாக உட்கார்ந்துகொள்ளும்.

இதற்கு வழிகள் உண்டு. நடுப்பகுதி உலோகமாக உள்ள பாயிண்ட் வாங்கி, அதற்குத் தனி வயர் இழுத்து, பாயிண்ட் மாறும்போது மின்முனையும் மாறும்படி சுவிட்ச் வைக்கலாம். நான் இதைத்தான் முதலில் செய்யச் சொல்வேன். இரண்டாவது, ஓர் அச்சை ஆடவிட்டு மூன்று புள்ளியில் உட்கார வைப்பது. மூன்று கால் ஆடாது. மூன்றாவது, எடை. டயர் கடையில் கிடைக்கும் பேலன்ஸிங் ஈயம், தூண்டில் ஈயம், எது கிடைத்தாலும் வெட்டி உள்ளே அடைக்கலாம். ஈயத்தைத் தொட்டால் கையை நன்றாகக் கழுவிவிட்டுத்தான் சாப்பாட்டில் கை வைக்க வேண்டும், பிள்ளைகள் உள்ள வீட்டில் இதைக் கண்டிப்பாகக் கவனியுங்கள். கடைசியாக, டீகோடரோடு கெப்பாசிட்டர். தொடர்பு விட்ட அரை நொடி, ஒரு நொடிக்கு அதில் தேங்கிய மின்சாரம் மோட்டாரை ஓட்டும். தம்பி எல்லாவற்றுக்கும் கெப்பாசிட்டரே போதும் என்பான். வயரிங்கும் சக்கரமும் சரியாக இல்லாத வண்டிக்குக் கெப்பாசிட்டர் வைப்பது எனக்கு ஒப்பாது. நோயை விட்டுவிட்டு வலியை மட்டும் மறைப்பதற்குச் சமம்.

நம் ஊர் ஈரப்பதத்தில் தண்டவாளத்தை ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் நனைத்த துணியால் துடைக்காமல் எந்தச் சோதனையும் செல்லாது. இதைப் புதிதாக வருகிறவர்களிடம் முதல் நாளே சொல்லிவிடுகிறோம்.

அன்றைய சோதனையில் மெதுவாக ஓடியது எது தெரியுமா? தம்பியுடையது. ஜப்பானின் கேட்டோ கம்பெனி சின்ன வண்டிகளுக்கென்று விற்கும் 9 மில்லிமீட்டர் மோட்டார் அடிச்சட்டத்தின் மேல், அவனே வரைந்து திரீ-டி பிரிண்டரில் எடுத்த உடம்பு. நாலு சக்கரம், முன்னால் சின்ன பானெட், நாலு கம்பம், மேலே தகரக் கூரை. பார்த்ததும் எனக்கு வேறெதுவும் ஓடவில்லை. "அண்ணே, இது உங்க அப்பா ஓட்டுனது மாதிரி இருக்கா?" என்று கேட்டான். இருந்தது.

என் அப்பா தோட்டத்தில் செம்பனைக் குலை வண்டி ஓட்டியவர். எங்கள் வட்டாரத்தில் ஜெண்டராத்தா தோட்டம் 1906-ல் டென்மார்க்குக்காரர் ஆகே வெஸ்டன்ஹோல்ஸ் தொடங்கியது. அங்கே குலை ரயிலில் போவதை இன்றும் பார்க்கலாம். மற்றத் தோட்டங்களில் பெரும்பாலும் லாரிதான் இப்போது. ரயிலுக்கு ஒரு காரணம் உண்டு. வெட்டிய குலை அடிபட அடிபட எண்ணெயில் கொழுப்பமிலம் ஏறி, தரம் குறையும். காட்டோரத்திலேயே கூண்டில் போட்டுவிட்டால் இடையில் ஏற்றி இறக்கும் வேலை இல்லை. அதே கூண்டு அப்படியே தண்டவாளத்தில் ஆலையின் நீராவிக் கொப்பரைக்குள் போய், குலை வெந்து, வெளியே வரும். நிரம்பிய கூண்டை முன்னால் தள்ளி, காலிக் கூண்டைப் பின்னால் ஒதுக்கி, கொப்பரைக்கு வரிசை பிடித்துக் கொடுப்பதுதான் அந்த இஞ்சினின் வேலை. அது ஷண்டிங்தான். அப்பா ஒருநாளும் தன்னை ரயில் ஓட்டுநர் என்று சொல்லிக்கொண்டதில்லை. நான் சொல்வேன்.

தம்பி கணக்கும் போட்டிருந்தான். நம் தோட்டத் தண்டவாளங்களில் 700 மில்லிமீட்டர் அகலம் பரவலாக இருந்தது. 9 மில்லிமீட்டர் தண்டவாளத்தை 1:76 அளவில் பெருக்கினால் 684. வித்தியாசம் வெறும் 16 மில்லிமீட்டர். மேசையில் அது கால் மில்லிமீட்டர்கூட இல்லை. மெயின் லைனுக்கு வராத பொருத்தம் தோட்ட ரயிலுக்குத் தானாக அமைந்திருக்கிறது. ஆசிரியரின் 08-ஐயும் இதே 1:76 அளவில் பக்கத்துத் தண்டவாளத்தில் நிறுத்தலாம். ஒரு தோட்டமும், பெட்டிகளை ஒதுக்கி நிறுத்தும் ஒரு ரயில்வே சைடிங்கும் சந்திக்கும் இடத்தை அப்படியே செய்துவிடலாம்.

அதைத்தான் செய்யப்போகிறோம். பெரிய இடம் வேண்டாம். இங்கிலாந்தின் ஆலன் ரைட் வகுத்த இங்கில்நூக் என்ற ஷண்டிங் புதிர் இருக்கிறது. மூன்று சைடிங், ஒன்றில் 5 வண்டி நிற்கும், மற்ற இரண்டிலும் 3, 3. இழுத்துப் பிடிக்கும் பாதையில் இஞ்சினும் 3 வண்டியும்தான் கொள்ளும். 8 வண்டிகளில் சீட்டுக் குலுக்கி வரும் 5-ஐ, அதே வரிசையில் கோத்துக் கொடுக்க வேண்டும். 6,720 விதமான வரிசைகள் வரும், அதனால் அலுக்காது. வண்டிகளுக்குப் பதில் எட்டுக் குலைக் கூண்டு. இரண்டு பாயிண்ட் போதும். பாப்பா கூண்டுகளுக்கு எண் எழுதிவிட்டாள். அண்ணன் குலைக்கு என்ன வைப்பது என்று மிளகு, கடுகு, மரத்தூள் எல்லாம் சாயம் போட்டுப் பார்த்துக்கொண்டிருக்கிறார். மிளகுக்கு ஆரஞ்சுச் சாயம் போட்டதுதான் இதுவரை நன்றாக வந்திருக்கிறது.

எங்களுக்கு இப்போது தேவை அளவுகள். லீட்ஸ் நகரின் ஹன்ஸ்லெட், லிங்கனின் ரஸ்டன், ஜெர்மனியின் ஷோமா போன்ற கம்பெனிகள் இந்த மாதிரிச் சின்ன இஞ்சின்களைச் செய்தன. அவற்றின் தொழிற்சாலைப் படங்கள் ஓரளவு கிடைக்கும். ஆனால் தோட்டத்து ஒர்க்‌ஷாப்பில் கூரை போட்டு, பம்பர் மாற்றி, வேறு டீசல் வைத்த பிறகு அது எப்படி இருந்தது என்பது எந்தப் படத்திலும் இல்லை. உங்கள் தோட்டத்தில் பழைய இஞ்சின் எங்காவது நின்றால், தோட்ட அலுவலகத்தில் கேட்டுவிட்டு ஒரு டேப் எடுத்துப் போங்கள். இரண்டு அச்சுக்கும் இடையிலான தூரம், சக்கரத்தின் விட்டம், பம்பரிலிருந்து பம்பர் வரை நீளம், கூரையின் உயரம், கொக்கி தரையிலிருந்து எவ்வளவு மேலே. பக்கவாட்டில் நேராக நின்று ஒரு படம், முன்னாலிருந்து ஒன்று, தகட்டில் எழுத்து இருந்தால் அதையும். ஓட்டியவர் யாராவது ஊரில் இருந்தால், எந்தப் பக்கம் உட்கார்ந்தார், பிரேக் எந்தக் கையில் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். வரைவதும் பிரிண்ட் எடுப்பதும் தம்பி பார்த்துக்கொள்வான், மோட்டார் வேலை என்னுடையது.