காட்டுத் தூளிக்கு வார் வாங்கும்போது

லயத்து வீட்டு விட்டத்தில் புடவை கட்டிப் பிள்ளையை ஆட்டியவர்களுக்கு ஹம்மாக் புதிய பொருள் இல்லை. பெரியவர்களுக்கான தூளி, அவ்வளவுதான். விட்டத்தில் முடிச்சு ஒருமுறை இறுகிவிட்டால் தூளி நின்ற உயரத்தில் நிற்கும். காட்டில் மரத்துக்கும் துணிக்கும் நடுவே ஒரு வார் வந்துவிடுகிறது. தொந்தரவெல்லாம் அங்கேதான் தொடங்குகிறது.

மலேசியாவின் தாப்பாவிலிருந்து கோலா வோ பக்கமோ லாத்தா இஸ்கந்தார் அருவிக்கு மேலேயோ கூடாரத்துக்குப் பதில் தூளியோடு கிளம்புகிறவர்கள் கடையில் கேட்பது ஒரே கேள்வி: எத்தனை கிலோ தாங்கும்? ஒழுங்காக நெய்த 25 மில்லிமீட்டர் வார் பல நூறு கிலோ தாங்கும். அறுந்து விழுகிறவர்கள் அபூர்வம். விடியற்காலையில் முதுகு ஈரத் தரையில் உரச எழுந்திருப்பவர்கள்தான் அதிகம். ஆகவே கேட்க வேண்டியது, எவ்வளவு நீளும் என்று.

கணக்கைப் பார்ப்போம். வார் கிடைமட்டத்துக்கு 30 பாகை சாய்வில் இருந்தால், இரண்டு பக்கத்து வாரும் 1 செ.மீ. நீளும்போது படுக்கை ஏறத்தாழ 2 செ.மீ. இறங்கும். 15 பாகையில் கிட்டத்தட்ட 4 செ.மீ. மரத்திலிருந்து தூளி வரை 1.25 மீட்டர் வார் என்று வைத்துக்கொண்டால், நூற்றுக்கு 5 நீண்டாலே 30 பாகையில் 12 செ.மீ. போய்விடும். நாற்காலி உயரத்தில், அதாவது 45 செ.மீ.யில், கட்டியிருந்தால் மீதி 33. துணியும் தன் பங்குக்குக் கொஞ்சம் நீளும்.

தரை தொடாமல் இருக்க விறைப்பாக இழுத்துக் கட்டுவோம் என்று தோன்றும். அது நேர்எதிர் வேலை. 80 கிலோ ஆள் படுத்தால் 30 பாகையில் ஒவ்வொரு வாரிலும் விழும் இழுவை 80 கிலோ. 15 பாகையில் 155. 5 பாகையில் ஏறக்குறைய 460. இழுவை கூடக் கூட வார் நீளும், மரமும் வளையும். சாய்வைப் பார்க்கக் கருவி தேவையில்லை. சுட்டுவிரலைக் கிடையாக நீட்டி, கட்டைவிரலை மேலே நிமிர்த்துங்கள். இரண்டு நுனிகளையும் இணைக்கும் கோடு சுமார் 30 பாகை. வார் அதோடு ஒத்துப்போனால் போதும்.

இனி நூல். நைலான் கைக்கு மெத்தென்று இருக்கும், ஆனால் தண்ணீரைக் குடிக்கும். நனைந்தால் இன்னும் நீளும். சாயங்காலம் மழை பிடிக்கும் ஊர் இது. உலர்ந்தபோது கட்டிய உயரம் நடுநிசியில் இருக்காது. பாலியெஸ்டர் தண்ணீரை அநேகமாக உறிஞ்சாது, குறைவாகவே நீளும். இந்தப் பக்கத்துக் காடுகளுக்கு அதுதான் சரி. பாலிப்ரோப்பிலீன் வெயிலில் சீக்கிரம் நைந்துபோகும், அதை எடுக்கவே வேண்டாம். கண்டுபிடிப்பது சுலபம்: ஒரு துண்டை வாளித் தண்ணீருக்குள் நன்றாகப் பிசைந்து காற்றை வெளியேற்றிவிட்டு விடுங்கள். மிதந்தால் அதுதான். நைலானும் பாலியெஸ்டரும் மூழ்கும். (டைனீமா என்ற உயர்பல நூலும் மிதக்கும், ஆனால் விலையைக் கேட்டாலே அது டைனீமா என்று தெரிந்துவிடும்.)

ஹார்ட்வேர் கடையில் தொங்கும், லோரியில் சரக்கு கட்டும் பெல்ட்டை மட்டமாக நினைக்க வேண்டாம். ஐரோப்பியத் தர விதிப்படி செய்ததானால், அதில் தைத்திருக்கும் சீட்டின் நிறமே நூலைச் சொல்லிவிடும்: நீலம் பாலியெஸ்டர், பச்சை நைலான், பழுப்பு பாலிப்ரோப்பிலீன். 50 மில்லிமீட்டர் நீலச் சீட்டுப் பெல்ட்டை வாங்கி, இறுக்கும் பிடியான ராட்செட்டைக் கழற்றி வைத்துவிட்டு, பெல்ட்டை மட்டும் வெட்டிக்கொள்ளலாம். ராட்செட் இருந்தால் கை சும்மா இருக்காது, இறுக்கிக்கொண்டே போகும். வெட்டிய முனையை நெருப்பில் காட்டி உருக்கிவிடுங்கள். ஒரு தலைப்பில் 8 வடிவ முடிச்சு ஒன்றைப் போட்டு வளையம் செய்யலாம். முடிச்சு வாரின் பலத்தில் பாதி வரை தின்றுவிடும், இருந்தாலும் இந்த அகலத்துக்கு மிச்சம் நிறைய. செருப்புத் தைப்பவரிடம் கொடுத்துத் தைப்பதானால் பருத்தி நூல் வேண்டாம். ஈரத்தில் இற்றுப்போவது அதுதான், வார் அல்ல.

நீளத்தில்தான் கடைப் பொட்டலங்கள் ஏமாற்றும். 3.35 மீட்டர் தூளியைச் சரியான தொய்வில் கட்டினால் நுனிக்கு நுனி சுமார் 2.8 மீட்டர். மரங்களுக்கு இடையே 5 மீட்டர் என்றால் பக்கத்துக்கு 1.1 மீட்டர் மிச்சம், சாய்வோடு சேர்த்து 1.27. மரம் 40 செ.மீ. குறுக்களவானால் சுற்றிவர இன்னொரு 1.26. பிடித்துக் கட்ட 30 செ.மீ. சேர்த்தால் 2.8 மீட்டருக்கு மேல் ஆகிறது. 60 செ.மீ. மரமானால் 3.5. பக்கத்துக்கு 4 மீட்டர் வாங்கினால் மரம் தேடி அலைய வேண்டாம். மரத்தில் சுற்றும் உயரம் 5 மீட்டர் இடைவெளிக்குச் சுமார் 1.85 மீட்டர், 4 மீட்டர் இடைவெளிக்கு 1.55.

அகலம் 25 மில்லிமீட்டருக்குக் கீழே போகவே கூடாது. மெல்லிய பட்டை கொண்ட மரத்துக்கு 50. வெறும் கயிறு பட்டையை அறுத்து உள்ளே இறங்கிவிடும். பால் மரம், அதாவது ரப்பர், வரிசையாக, அளவெடுத்த மாதிரி நிற்கிறதே என்று ஆசைப்படாதீர்கள். பால் ஓடும் குழாய்கள் பட்டைக்குள்ளேதான் இருக்கின்றன. நீங்கள் வார் சுற்றும் உயரம் அநேகமாகப் பால் வெட்டும் உயரம். காற்றடித்தால் கிளை முறிவதும் அந்த மரத்துக்குச் சகஜம். செம்பனை அதைவிட மோசம். மட்டைக் காம்புகள் வாரைக் கிழிக்கும், குலையும் மட்டையும் மேலிருந்து விழும், கானோடெர்மா என்ற அழுகல் பூஞ்சை பிடித்த மரம் வெளியே பச்சையாக நின்றுகொண்டே ஒருநாள் சாயும். முள் பழம் விழும் டுரியான் மரத்தடியைப் பற்றிச் சொல்லவே தேவையில்லை. காட்டிலும் மேலே பட்ட கிளை இருக்கிறதா, தண்டில் முசுறு ஓடுகிறதா என்று பார்த்துவிட்டே சுற்றுங்கள். ஆற்றோரம் வேண்டாம், கெப்பாலா ஆயர் எனும் திடீர் ஆற்றுவெள்ளம் வந்தால் எந்த வாரும் உதவாது. ஒதுக்கப்பட்ட காடுகளுக்குள் போக மாநில வனத்துறையின் அனுமதிச் சீட்டு வேண்டும்.

பிடிமானத்தில் மூன்று வகை நடைமுறையில் உண்டு. வரிசையாக வளையம் தைத்த டெய்சி செயின் புதியவர்களுக்குச் சுலபம். ஆனால் வளையங்கள் 10 செ.மீ.க்கு ஒன்று என்றால், இரண்டு பக்கமும் ஒரு வளையம் மாற்றும்போது படுக்கை 20 செ.மீ. ஏறும் அல்லது இறங்கும். நடுவே நிறுத்த வழியில்லை. இழுத்தால் கடித்துப் பிடிக்கும் சின்ச் பக்கிளில் விரற்கடை அளவுக்குத் திருத்தலாம். ஈர வார் அதில் நழுவும், அதனால் பக்கிளுக்குப் பின்னால் இழுத்தால் அவிழும் அரை முடிச்சு ஒன்று கட்டாயம். மூன்றாவது, வாரிலேயே முடிச்சிட்டு நடுவில் விரல் தடிமன் குச்சி செருகும் முறை. தூளியின் வளையம் முடிச்சின் மேல் உட்கார வேண்டும், குச்சியின் மேல் அல்ல. குச்சி முறிந்து விழுவதெல்லாம் இதைக் கவனிக்காததால்தான். கராபினர் கொக்கி போட்டால் 12 கே.என். (கிலோநியூட்டன்) மாதிரி தாங்கும் பலத்தின் எண் பொறித்ததாக இருக்கட்டும். சாவிக்கொத்தில் மாட்டுவது சாவிக்கொத்துக்கு.

கட்டியதும் உடனே படுக்காதீர்கள். நடுவில் உட்கார்ந்து மூன்று நான்கு முறை அழுத்தி எழுந்து, வார் பட்டையில் பதிந்த பிறகு மறுபடி உயரம் பாருங்கள். மழைத் தண்ணீர் மரத்திலிருந்து வார் வழியாகத் துணிக்கு வரும். தூளிக்குச் சற்று முன்னால் வாரில் ஒரு துணி நாடாவைக் கட்டித் தொங்கவிட்டால் தண்ணீர் அங்கேயே சொட்டிவிடும்.

வீட்டுக்கு வந்ததும் மண்ணைக் கழுவி நிழலில் காயவையுங்கள். நூலுக்குள் போன மணல் உள்ளிருந்தே அறுக்கும். ஓரம் வெட்டுப்பட்டிருந்தாலோ தையல் பிரிந்திருந்தாலோ அந்த வாரைத் துணி காயப்போட வைத்துக்கொள்ளலாம். ரப்பர்ப் பால் உறையவைக்கும் ஆசிட் இருக்கும் கொட்டகையில் மட்டும் வைக்காதீர்கள்: அது ஃபார்மிக் அமிலம், நைலானைக் கரைக்கும். பாலியெஸ்டர் அதைத் தாங்கும், ஆனால் காஸ்டிக் சோடாவைத் தாங்காது.