கேம்ப் அழைப்பு மெயிலும் அதற்குப் பிறகு வந்த இருபத்தோரு மாதங்களும்

2024 ஜனவரியில் ஒரு நாள் ராத்திரி பத்தரை மணி இருக்கும். மகன் லேப்டாப்பைக் கையில் தூக்கிக்கொண்டு மாடிப்படியில் தடதடவென்று இறங்கி வந்தான். டெக்சஸில் எல்லோருக்கும் தெரிந்த ஒரு பல்கலைக்கழகத்தின் பேஸ்பால் அணியிலிருந்து மெயில். கீழே தலைமைக் கோச்சின் கையெழுத்து. அவன் பெயரைப் போட்டு, எங்கள் ப்ராஸ்பெக்ட் கேம்ப்பில் (காலேஜ் அணியில் சேர நினைக்கும் பள்ளிப் பிள்ளைகளுக்கான பயிற்சி முகாம்) உன்னைப் பார்க்க ஆவலாக இருக்கிறோம் என்று எழுதியிருந்தது. அப்போது அவன் பத்தாம் வகுப்பு. நான், அவன் அப்பா, அவன், மூன்று பேரும் மாற்றி மாற்றிப் படித்தோம். காலேஜ் கூப்பிட்டுவிட்டது என்றே நம்பினோம்.

நான் கரூரில் வளர்ந்தவள். அண்ணன்கள் ஆடிய கிரிக்கெட்டைத் திண்ணையில் உட்கார்ந்து பார்த்ததுதான் எனக்கும் விளையாட்டுக்கும் இருந்த உறவு. பேஸ்பாலில் காலேஜுக்கு எப்படி ஆள் எடுப்பார்கள் என்று சொல்லித்தர எங்கள் பக்கத்தில் ஒருவரும் இல்லை. இப்போது மகன் பன்னிரண்டாம் வகுப்பில் இருக்கிறான். நாலு கேம்ப் போய் வந்துவிட்டோம். டாலஸ் பக்கம் பேஸ்பால் ஆடும் நம் பிள்ளைகளின் அம்மா அப்பாக்கள் கோயிலில் பார்க்கும்போதெல்லாம் இதைப் பற்றிக் கேட்கிறார்கள். நின்றுகொண்டு சொல்லி முடிகிற கதை இல்லை. அதனால் எழுதுகிறேன்.

முதலில் அந்த மெயில். அடியில் பொடி எழுத்தில் ஒரு வரி இருந்தது: எண்ணிக்கை, வயது, வகுப்பு, பாலினம் இவை தவிர வேறு கட்டுப்பாடு இல்லை, யார் வேண்டுமானாலும் சேரலாம். காலேஜ் நடத்தும் கேம்ப் எல்லோருக்கும் திறந்திருக்க வேண்டும் என்பது காலேஜ் விளையாட்டுகளை நடத்தும் அமைப்பான என்.சி.ஏ.ஏ.வின் விதி. அந்த வரியை அன்று நாங்கள் கண்ணாலே பார்க்கவில்லை. இன்னொரு விதி இதைவிட முக்கியம். காலேஜ் விளையாட்டின் மேல்தட்டான டிவிஷன் 1-ன் கோச், பதினோராம் வகுப்பு தொடங்கும் முன் வரும் ஆகஸ்ட் 1 வரை, ஒரு மாணவனோடு ரெக்ரூட்டிங், அதாவது அணிக்கு ஆள் எடுப்பது பற்றி ஒரு வார்த்தை பேசக்கூடாது. ஃபோன் கூடாது, மெசேஜ் கூடாது. ஆனால் கேம்ப் விளம்பரம் அனுப்பலாம். அப்படியானால் பத்தாம் வகுப்புப் பையனுக்கு டிவிஷன் 1 காலேஜிலிருந்து வரும் மெயில் விளம்பரமாகத்தான் இருக்க முடியும். எங்கள் பள்ளி அணியில் மட்டும் பதினோரு பேருக்கு அதே மெயில் வந்திருந்தது என்பது ஒரு மாதம் கழித்துத்தான் தெரிந்தது.

இதை மோசடி என்று சிலர் சொல்கிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. 2023 ஜூலை வரை டிவிஷன் 1 பேஸ்பாலில் ஒரு உதவிக் கோச்சுக்குக் காலேஜ் சம்பளமே கொடுக்கக்கூடாது என்று இருந்தது. வாலன்டியர் என்று பெயர். அவர் வீட்டு அடுப்பு எரிந்தது பெரும்பாலும் கேம்ப் வருமானத்தில்தான். இப்போது விதி மாறிவிட்டது, கேம்ப் வழக்கம் மாறவில்லை. கட்டணம் வாங்கிக்கொண்டு பயிற்சியும் அளவும் கொடுக்கிறார்கள், அதற்கு மேல் வாக்குறுதி எதுவும் தரவில்லை. எதற்குப் பணம் கட்டுகிறோம் என்று தெரிந்து கட்ட வேண்டியது நம் வேலை.

ஜூன் மாதம் முதல் கேம்ப். மூன்று மணி நேர வழி. கட்டணம் 225 டாலர், ஓட்டல் தனி. காலை எட்டரைக்கே வெயில் சுள்ளென்று அடித்தது, மதியம் 101 டிகிரி. கிட்டத்தட்ட நூற்று நாற்பது பையன்கள். முதுகில் ஒட்டிக்கொள்ள ஆளுக்கொரு நம்பர் தாள். என் மகன் 87. அன்று முழுக்க அவனுக்குப் பெயர் இல்லை, 87 மட்டும்தான்.

முதலில் 60 கெஜ ஓட்டம். ஏழு வினாடிக்குள் ஓடினால் நல்ல வேகம் என்று சொல்வார்கள். இவனுக்கு 7.42. இவன் கேட்சர், கிரிக்கெட்டில் விக்கெட் கீப்பர் மாதிரி. கேட்சர்களிடம் ஓட்டத்தை அவ்வளவு பெரிதாக எதிர்பார்க்க மாட்டார்கள். அவர்களுக்கு உயிர்நாடி பாப் டைம். பிட்சர் எறியும் பந்து கேட்சரின் கையுறையில் பட்டதிலிருந்து, அவன் எழுந்து எறிந்து, இரண்டாம் பேஸில் நிற்பவன் கையுறையில் விழும்வரை ஆகும் நேரம் அது. தூரம் 127 அடிக்குக் கொஞ்சம் மேல். இரண்டு வினாடியோ அதற்குக் கீழோ இருந்தால்தான் பெரிய காலேஜ்கள் திரும்பிப் பார்க்கும். இவனுக்கு 2.19.

ஒரு வினாடியில் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லையே என்று எனக்குத் தோன்றியது. அவன்தான் காரில் விளக்கினான். முதல் பேஸிலிருந்து இரண்டாம் பேஸைத் திருட ஓடுகிறவனைப் பிடிக்கத்தான் கேட்சர் எறிவது; நன்றாக ஓடுகிறவன் அந்த நேரத்தில் நாலைந்து அடி கடந்துவிடுவான், பந்து வரும்போது அவன் பேஸில் நின்றுகொண்டிருப்பான் என்று.

மதியம் ஆட்டம். நேரம் மிச்சமாகட்டும் என்று ஒவ்வொரு பேட்டருக்கும் ஒரு பால், ஒரு ஸ்ட்ரைக் என்ற கணக்கிலிருந்தே தொடங்கினார்கள் (மூன்று ஸ்ட்ரைக் ஆனால் அவுட், நாலு பால் ஆனால் சும்மாவே முதல் பேஸ்). இரண்டு முறை பேட் பிடித்தான், ஒரு ஹிட், அதாவது ஒரு முறை அடித்துப் பேஸ் பிடித்தான். மாலை நாலு மணிக்கு எல்லோரையும் உட்கார வைத்துப் பேசினார்கள், டி-ஷர்ட் கொடுத்தார்கள், அனுப்பிவிட்டார்கள். ஒரு கோச்கூடத் தனியாக வந்து பேசவில்லை. போய்க் கேட்டதற்கும் சிரித்து ஒதுங்கிக்கொண்டார்கள். அது ஜூன் மாதம், ஆகஸ்ட் 1 இன்னும் வரவில்லை, அவர்கள் பேசவே கூடாது என்பது அன்று எங்களுக்குத் தெரியாது. மகன் வரும் வழியில் இரண்டு மணி நேரம் வாய் திறக்கவில்லை. எனக்கு வயிற்றைப் பிசைந்தது.

ஆனால் அந்த 2.19 வீட்டுக்கு வந்ததும் வேலை செய்யத் தொடங்கியது. பள்ளிக் கோச் வீடியோவைப் பார்த்துவிட்டு, கை வேகத்தில் குறை இல்லை, பந்தைக் கையுறையிலிருந்து கைக்கு மாற்றும் இடத்திலும் கால் வைப்பதிலும் நேரம் போகிறது என்றார். அந்த இலையுதிர்காலம் முழுக்க அப்பாவும் மகனும் சாயங்காலம் பள்ளி மைதானத்தில். இவர் ஸ்டாப்வாட்ச் பிடிப்பார், நான் இரண்டாம் பேஸ் பக்கம் நின்று உருண்டு வரும் பந்தையெல்லாம் பொறுக்கிப் போடுவேன். டிசம்பரில் 2.06 வந்தது.

அடுத்த கேம்ப்பை நாங்கள் தேர்ந்தெடுத்த விதமே வேறு. அழைப்பு வந்ததா என்று பார்க்கவில்லை. மகனே உட்கார்ந்து பதினான்கு காலேஜ்களுக்கு மெயில் எழுதினான். பெற்றோர் எழுதினால் கோச்சுகளுக்குப் பிடிக்காது, பையன்தான் எழுத வேண்டும். ஒன்றரை நிமிட வீடியோ, மதிப்பெண், உயரம், எடை, பாப் டைம். கூடவே நேராக இரண்டு கேள்வி: 2026-ல் சேரும் கேட்சர் உங்களுக்கு இன்னும் தேவையா? கேம்ப்பில் வேறு எந்தக் காலேஜ் கோச்சுகள் வேலை செய்கிறார்கள்? ஐந்து பேர் பதில் போட்டார்கள். அதில் மூன்று பேர், கேட்சர் எடுத்தாகிவிட்டது என்று எழுதினார்கள். அந்த மூன்று பதிலும் எங்களுக்கு மூன்று கேம்ப் கட்டணத்தை மிச்சப்படுத்தின. இன்றும் அவர்களை நன்றியோடு நினைக்கிறேன்.

இரண்டாவது கேள்விதான் ரொம்ப முக்கியம். பல கேம்ப்களில் அந்தக் காலேஜின் கோச்சுகள் மட்டும் இருப்பதில்லை. டிவிஷன் 3 (விளையாட்டில் கீழ்த்தட்டு), ஜூனியர் காலேஜ் (இரண்டு வருடப் படிப்பு) கோச்சுகளையும் ஒரு நாள் வேலைக்கு வரவழைப்பார்கள். ஒரு கட்டணத்தில் ஆறேழு காலேஜ்களின் கண் படும். 2025 ஜனவரியில் அப்படி ஒரு கேம்ப்புக்குப் போனோம்.

அன்று நல்ல குளிர். பிட்சர்கள் நிறைய, கேட்சர்கள் ஐந்தே பேர். இது எல்லாக் கேம்ப்பிலும் நடப்பதுதான். பிட்சர் இருபது பந்து எறிந்துவிட்டு ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிடுவான். கேட்சர் எழுந்திருக்காமல் அடுத்தவனுக்குக் குந்தி உட்கார வேண்டும். பந்தின் வேகம் பார்க்கும் ரேடார் கன் எல்லாம் பிட்சரைத்தான் அளக்கும். நான் வேலிக்கு இந்தப் பக்கம் நின்றிருந்தேன். எட்டாவதாக வந்த பையன் ஒல்லியாக, பயந்த மாதிரி இருந்தான். முதல் பந்து மண்ணில் குத்தியது. இரண்டாவதும் அப்படியே. மகன் இரண்டையும் மார்பில் வாங்கி முன்னால் தட்டிப் போட்டான். பிறகு முகமூடியை மேலே தூக்கிக்கொண்டு எழுந்து அந்தப் பையனிடம் நடந்து போனான். உன் பெயர் என்ன, உனக்கு எந்தப் பந்து நன்றாக வரும் என்று கேட்டிருக்கிறான். ஸ்லைடர், அதாவது கடைசி நேரத்தில் விலகி இறங்கும் பந்து, என்றிருக்கிறான் அவன். சரி, வேகப்பந்தை விடு, இரண்டு ஸ்லைடர் போடு, எங்கே விழுந்தாலும் நான் பிடிக்கிறேன். இது அவன் பிறகு எங்களிடம் சொன்னது. நான் பார்த்தது, அந்தப் பையனின் தோள் இறங்கியதைத்தான். அதற்கடுத்த பந்துகள் பொத் பொத்தென்று கையுறையில் விழுந்தன.

பின்னால் சுவரில் சாய்ந்து நின்ற ஒரு கோச், தாளில் ஏதோ எழுதினார்.

சாப்பாட்டு நேரத்தில் அவரே வந்தார். டிவிஷன் 3 காலேஜ், வேறு மாநிலம். டிவிஷன் 3 கோச்சுகள் ஃபோனிலோ மெசேஜிலோ எப்போது வேண்டுமானாலும் மாணவனோடு பேசலாம்; வெளியிடத்தில் நேரில் பேசப் பத்தாம் வகுப்பு முடிந்திருந்தால் போதும். பத்து நிமிடம் பேசினார். பாப் டைம் பற்றி ஒரு கேள்வி, கணிதத்தில் என்ன பாடம் எடுத்திருக்கிறாய் என்று ஒரு கேள்வி, மீதி நேரம் முழுக்க அந்த எட்டாவது பிட்சரைப் பற்றி.

வீட்டில் அன்று பெரிய பேச்சு. டிவிஷன் 1 என்ற கனவு அவனுக்கு எட்டு வயதிலிருந்து இருக்கிறது. 2019-ல் வாண்டர்பில்ட் அணிக்காக குமார் ராக்கர் டியூக் பல்கலைக்கழகத்துக்கு எதிராக 19 பேரை ஸ்ட்ரைக்அவுட் செய்து ஒரு ஹிட்கூடக் கொடுக்காமல் முடித்த ஆட்டத்தை டிவியில் பார்த்தோம். அவர் அம்மாவின் குடும்பம் ஆந்திராவிலிருந்து வந்தது. குமார் என்ற பெயரை அமெரிக்க வர்ணனையாளர் வாயில் கேட்டபோது இவன் சோபாவில் ஏறி நின்றுவிட்டான். அந்தக் கனவை ஒரு பத்து நிமிடப் பேச்சுக்காக விட்டுவிடு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

காலேஜ் வீரர்களுக்குப் பணம் கொடுப்பது பற்றிய வழக்கில் 2025 ஜூன் மாதம் நீதிமன்றம் ஒப்புக்கொண்ட பெரிய உடன்படிக்கைக்குப் பிறகு, அதில் சேர்ந்த டிவிஷன் 1 காலேஜ்களில் பேஸ்பால் அணிக்கு 34 பேர்தான் என்றாகிவிட்டது. வேறு காலேஜிலிருந்து மாறி வரும் இருபத்தொரு, இருபத்திரண்டு வயதுக்காரர்களும் அதே இடங்களுக்குத்தான் வருகிறார்கள். பள்ளிப் பையனுக்கு இடம் சுருங்கிவிட்டது. இவனே கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு, உட்கார்ந்து பார்க்க எனக்கு விருப்பம் இல்லை, ஆட வேண்டும் அம்மா என்றான்.

கோடையில் அந்தக் காலேஜின் சொந்தக் கேம்ப்புக்குப் போனோம். நாற்பது பேர்தான். முதுகில் நம்பர் இருந்தது, ஆனால் எல்லாக் கோச்சும் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். டிவிஷன் 3-ல் விளையாட்டுக்கென்று ஸ்காலர்ஷிப் கிடையாது. படிப்புக்கும் குடும்ப வருமானத்துக்கும் தகுந்த உதவி உண்டு. மதிப்பெண் பட்டியலைக் கோச் அட்மிஷன் அலுவலகத்துக்குக் கொடுத்து, இவனுக்கு வாய்ப்பு இருக்கிறதா என்று முன்கூட்டியே பார்த்துச் சொன்னார். இருக்கிறது என்றார். இடம் உறுதி என்ற அர்த்தம் இல்லை என்றும் சொன்னார். அணியில் இப்போது மூன்று கேட்சர்கள், ஒருவர் மே மாதம் படிப்பு முடித்துப் போகிறார் என்பதையும் மறைக்காமல் சொன்னார். இப்படி வெளிப்படையாகப் பேசும் கோச் கிடைத்தால் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளுங்கள்.

பையில் என்ன வைப்பது என்று எல்லோரும் கேட்கிறீர்கள். பி.பி.கோர் முத்திரை (காலேஜ் ஆட்டத்துக்கு ஏற்ற உலோகப் பேட் என்ற அடையாளம்) உள்ள பேட், இன்சூரன்ஸ் அட்டையின் நகல், கையெழுத்துப் போட்ட மருத்துவப் படிவம், மாற்றுச் சட்டை இரண்டு. கேட்சராக இருந்தால் கூடுதலாக இரண்டு. கடையில் விற்கும் கலர் தண்ணீரைவிட, ஐஸ் போட்ட பிளாஸ்க்கில் உப்பும் பெருங்காயமும் போட்ட நீர்மோர் இவனுக்கு ஒத்துக்கொண்டது.

நவம்பர் 1 விண்ணப்பத்துக்குக் கடைசி நாள். கட்டுரையில் எதைப் பற்றி எழுத என்று போன வாரம் கேட்டான். ஜனவரியில் அந்த எட்டாவது பையன் இருந்தானே, அவன் பெயர் ஞாபகம் இருக்கிறதா என்று கேட்டேன். பெயரைச் சொன்னான். அவன் ஸ்லைடர் கடைசி நேரத்தில் எந்தப் பக்கம் விலகி எவ்வளவு இறங்கும் என்பதையும், சாப்பாட்டு மேஜையில் கையை வைத்துக் காட்டினான்.